நாலு சங்கமும் ஒரு ஃபீல்டு புக்கும்

சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்தார்கள் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். எங்கள் ஏரியாவில் நாங்கள் சங்கம் வைத்துச் சண்டை வளர்த்தோம். ஒன்றல்ல, நாலு தெருவுக்கு நாலு சங்கம். அந்த நாலும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு திட்டம் போட்ட கதையைத்தான் இந்த ஆண்டு மலரில் எழுத வந்திருக்கிறேன். கதையில் நம் சர்வே லேபுக்கும் ஒரு பங்கு உண்டு. அதனால் சிவில் நண்பர்கள் மட்டுமல்ல, மெக்கானிக்கல், எலெக்ட்ரிகல் நண்பர்களும் பக்கத்தைப் புரட்டாமல் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் 'குடியிருப்போர் நலச் சங்கம்' என்றால் என்ன? தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 இருக்கிறது. அதன்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். தலைவர், செயலாளர், பொருளாளர், ரப்பர் ஸ்டாம்பு, லெட்டர் பேடு. அவ்வளவுதான். இப்படித் தெருவளவில் சேர்ந்து வேலை செய்வது நமக்குப் புதுசும் அல்ல. 1989-ல் சென்னையில் எம்.பி. நிர்மல் 'எக்ஸ்னோரா' அமைப்பைத் தொடங்கினார். தெருக்காரர்களே மாதம் கொஞ்சம் பணம் போட்டு, ஆள் வைத்து, மூன்று சக்கர வண்டியில் வீட்டுக்கு வீடு குப்பை எடுக்க ஆரம்பித்தார்கள். ஒரு தெருக் குப்பையை ஒரு தெரு சமாளித்துவிடலாம். ஆனால் தண்ணீர் அப்படியா? அது தெருப் பெயர்ப் பலகையைப் படித்துவிட்டா ஓடுகிறது? எங்கள் பிரச்சினை அங்கேதான் ஆரம்பம்.

ஏரிக்குக் கீழே நாலு தெரு

எங்கள் ஊர் ஒரு சின்ன நகராட்சி. மேற்கே ஏரி, கிழக்கே வாய்க்கால். நடுவில் ஒரு காலத்தில் நெல் வயல். 1980-களில் அதை மனை போட்டு விற்றார்கள். ஏரிப் பாசன வயல் என்றாலே மேற்கிலிருந்து கிழக்கே சரிவு இருக்கும், இல்லாவிட்டால் மதகுத் தண்ணீர் எப்படிப் பாயும்? மனை போட்டவர்கள் வரப்பை அழித்தார்கள், சரிவை அழிக்க முடியவில்லை. ஆகவே முதல் தெரு, இரண்டாம் தெரு, மூன்றாம் தெரு, நாலாம் தெரு என்று வரிசையாகக் கிழக்கே இறங்கி, கடைசியில் ஒரு சிறுபாலத்துக்கு அடியில் மழைத்தண்ணீர் வாய்க்காலுக்குப் போக வேண்டும். நாலு தெருவையும் இணைக்க ஒரு குறுக்குச் சந்து இருக்கிறது. அந்தச் சந்து முனையில், மூன்றாம் தெருவில்தான் எங்கள் வீடு. எங்கள் தெருச் சங்கத்துக்கு என் அப்பாதான் செயலாளர்.

எங்கள் தெருவுக்கு இரண்டு முறை ரோடு போட்டார்கள். இரண்டுமே அப்பா அலைந்து திரிந்து வாங்கிய ரோடு. ஒவ்வொரு முறையும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஜல்லியும் தாரும் கொட்டி உயர்த்தினார்கள். ரோடு போடும்முன் பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும், ரோட்டு மட்டம் உயரக்கூடாது என்று தமிழக அரசு 2021-ல் கண்டிப்பாக அறிவுறுத்தியது. எங்கள் ரோடு அதற்கு முன்னாலேயே இரண்டு சுற்று வளர்ந்துவிட்டது. எங்கள் தெருவில் ஒரு பழைய ஓட்டு வீடு உண்டு. முன்பு இரண்டு படி ஏறி அந்த வீட்டுத் திண்ணைக்குப் போவோம், இப்போது ரோட்டிலிருந்து இரண்டு படி இறங்க வேண்டும். இதை நாங்கள் யாரும் குறையாக நினைக்கவில்லை. "நம்ம தெருல தண்ணி நிக்காதுப்பா"ன்னு பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டோம்.

நிற்காத தண்ணீர் எங்கே நின்றது? மேற்கே, இரண்டாம் தெருவில்.

2023 டிசம்பர் மழையில் அந்தத் தெருவில் மூன்று நாள் தண்ணீர். ஒரு வீட்டில் அரிசி மூட்டை, பிள்ளைகளின் பாடப்புத்தகம், கிரைண்டர் எல்லாம் நனைந்தது. எங்கள் மாடியில் நின்று பார்த்தால் அவர்கள் கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்துவது தெரியும். மூன்றாம் நாள் இரவு அவர்கள் சந்து முனையில் எங்கள் ரோட்டை வெட்டிவிட வந்தார்கள். எங்கள் தெருக்காரர்கள் மணல் மூட்டை அடுக்கித் தடுத்தார்கள். மூட்டை தூக்கியவர்களில் நானும் ஒருவன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுதாவிட்டால் மீதிக் கதை பொய்யாகிவிடும்.

நாலு மனு, ஒரு ஃபைல்

மழை விட்டதும் எல்லாரும் லெட்டர் பேடை எடுத்தார்கள். முதல் தெரு, "எங்களுக்குத் தனி வடிகால் வேண்டும்" என்றது. இரண்டாம் தெரு, "மூன்றாம் தெரு ரோட்டை உடைக்க வேண்டும்" என்றது. நாங்கள், "ரோட்டைச் சேதப்படுத்த முயன்றவர்கள் மீது நடவடிக்கை வேண்டும்" என்றோம். நாலாம் தெரு, "மேலே இருந்து யாரும் எங்கள் பக்கம் தண்ணீர் திருப்பக்கூடாது" என்றது.

மனு என்ன ஆயிற்று என்று கேட்க அப்பாவுடன் நகராட்சிக்குப் போயிருந்தேன். அங்கே இருந்த பொறியாளர் எரிச்சல்படாமல் பேசினார். ஒரே ஃபைலைத் திறந்து நாலு மனுவையும் மேஜை மேல் பரப்பிக் காட்டினார்.

"சார், நாலு மனு, நாலும் நாலு திசை. இதுல நான் எதுக்கு எஸ்டிமேட் போடறது? ஒருத்தருக்குச் செஞ்சா மூணு பேரு தடுப்பீங்க. தடுத்தா வேலை நின்னுடும், ஒதுக்கின பணம் வேற வார்டுக்குப் போயிடும். நீங்க நாலு பேரும் ஒரே மனுவா கொண்டு வாங்க. லெவலோட கொண்டு வந்தா இன்னும் நல்லது."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா பேசவே இல்லை. எனக்கு மட்டும் அந்த 'லெவலோட' என்ற வார்த்தை காதிலேயே நின்றது.

வாசல் இருக்கிறது, உள்ளே போகத்தான் ஆளில்லை

திட்டமிடுவது அரசாங்கத்தின் வேலை, மனு கொடுப்பது நம் வேலை என்றுதான் பலரும் நினைக்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

1992-ல் நிறைவேறி 1993 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்தது அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம். நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 துறைகளை அது பட்டியல் போட்டது. அந்தப் பட்டியலில் முதலாவதே நகரத் திட்டமிடல்தான். மூன்று லட்சம் அல்லது அதற்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு கமிட்டி வேண்டும் என்றும் அது சொன்னது. தமிழ்நாட்டில் வார்டு கமிட்டிக்கும் பகுதி சபைக்கும் 2022-ல் விதிகள் வந்தன. அந்த வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, பல ஊர்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. கிராமத்துக்குக் கிராம சபை மாதிரி, நகரத்தில் அந்தந்தப் பகுதி வாக்காளர்களுக்குப் பகுதி சபை.

இன்னொரு வாசல் 1971-ம் வருஷத்துத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். ஒரு ஊருக்கு மாஸ்டர் பிளான் தயாரித்தால் அதைப் பத்திரிகையில் அறிவித்து, ஆட்சேபணையும் ஆலோசனையும் சொல்ல மக்களுக்குக் குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் தர வேண்டும். எந்த இடம் குடியிருப்பு, எந்த இடம் தொழிற்சாலை, எது நீர்நிலை என்று அந்த வரைபடம்தான் முடிவு செய்கிறது. சென்னையின் இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது, 2026 வரைக்கும் கணக்குப் போட்டது. அதாவது ஒரு வரைபடம் பதினெட்டு வருஷம் நம்மை ஆளும். அதைப் பார்த்துக் கருத்துச் சொல்ல நமக்குக் கிடைப்பது சில மாதம். அந்தச் சில மாதத்தில் ஒரு தெரு தனியாக என்ன செய்யும்? பக்கத்துத் தெரு, பக்கத்து வார்டு எல்லாம் சேர்ந்து வரைபடத்தை விரித்து வைத்துப் படித்தால்தான் "இங்கே ஓடை இருந்ததே, காணோமே" என்று கேட்க முடியும்.

மூன்றாவது வாசல், 2005-ம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கட்டி மனுப் போட்டால், பொதுவாக 30 நாளைக்குள் பதில் தர வேண்டும். எங்கள் ஏரியா மனைப்பிரிவு வரைபடத்தின் நகல் எங்களுக்கு அப்படித்தான் கிடைத்தது. குறுக்குச் சந்தில் வடிகாலுக்கென்று இடம் விட்டிருந்தது அதில்தான் தெரிந்தது. அந்த இடத்தில் இப்போது என்ன இருந்தது தெரியுமா? எங்கள் வீட்டு மோட்டார் பைக் ஏறும் சிமெண்ட் சாய்தளமும், அதை ஒட்டி இன்னும் ஏழு வீட்டுப் படிகளும்!

கேரளத்தில் செய்தது

சர்வே லேபிலிருந்து லெவல் கருவி கேட்டு எங்கள் சாரிடம் போனபோது, 'தெருச் சண்டைக்கெல்லாம் கருவி கிடையாது' என்று சொல்லிவிடுவார் என்றுதான் பயந்தேன். அவர் உட்கார வைத்துக் கேரளத்தைப் பற்றிச் சொன்னார்.

1996 ஆகஸ்ட் 17, மலையாளச் சிங்க மாதப் பிறப்பு நாளில், கேரள அரசு 'மக்கள் திட்டம்' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கே கொடுத்து, "உங்கள் திட்டத்தை நீங்களே போடுங்கள்" என்றார்கள். முதலில் கிராம சபையிலும், நகரத்தில் வார்டு கூட்டத்திலும் மக்கள் குறைகளைச் சொன்னார்கள். பிறகு ஊரின் வளத்தையும் குறையையும் பற்றி அறிக்கை எழுதினார்கள். அப்புறம் கருத்தரங்கு, அதன்பின் ஒவ்வொரு துறைக்கும் பணிக்குழு. எல்லாம் சரி, ஆனால் சாதாரண மக்கள் எழுதிய திட்டத்தில் மதிப்பீடு சரியா, தொழில்நுட்பம் சரியா என்று யார் பார்ப்பது? ஆயிரக்கணக்கான திட்டங்களைப் பார்க்க அரசாங்கத்தில் அத்தனை பொறியாளர் இல்லை. அதனால் ஓய்வு பெற்ற பொறியாளர்கள், நிபுணர்களைக் கூப்பிட்டுத் தன்னார்வத் தொழில்நுட்பக் குழு ஒன்று அமைத்தார்கள். சம்பளம் வாங்காமல் அவர்கள் திட்டங்களைச் சரிபார்த்துத் திருத்திக் கொடுத்தார்கள்.

"மக்கள்கிட்ட குறை இருக்கும், அனுபவம் இருக்கும். நம்மகிட்ட அளவு இருக்கணும்"னு சார் சொன்னார். ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஆட்டோ லெவலும் ஸ்டாஃபும் கொடுத்தார்.

108 மில்லி மீட்டர்

2024 ஜனவரியில் நாங்கள் நாலு நண்பர்கள் வேலையைத் தொடங்கினோம். பிள்ளையார் கோவில் படிக்கு 100.000 என்று வைத்துக்கொண்டு, நாலு தெருவையும் சுற்றி வாய்க்கால் வரை போய், மறுபடியும் அதே படியில் முடித்தோம். மொத்தம் ஏறக்குறைய 800 மீட்டர். கடைசியில் படியின் மட்டம் 99.892 வந்தது! 108 மி.மீ. பிழை. 24 பெருக்கல் கிலோமீட்டரின் வர்க்கமூலம் என்று சூத்திரம் போட்டால், எங்களுக்கு அனுமதி 21 மி.மீ.தான்.

இப்போது உண்மையைப் பேசுவோம், நண்பர்களே. லேபில் இப்படி வந்தால் நாம் என்ன செய்வோம்? "கடைசி ஃபோர் சைட்டை 108 குறைச்சுப் போடுடா, டேலி ஆயிடும்" என்போம். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் வாங்கிவிடுவோம். அன்றைக்கும் ஒரு நண்பன் அதைத்தான் சொன்னான். எனக்கும் ஆசைதான். வெயில், பசி, மத்தியானம் மூன்று மணி.

ஆனால் 108 மி.மீ. என்பது அங்கே ஒரு எண் அல்ல. கால் முட்டி வரை தண்ணீரில் நின்றவர்கள் எங்களைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நோட்டில் அதைத் துடைத்துவிடலாம், இரண்டாம் தெருக்காரர் வீட்டுக் கூடத்தில் துடைக்க முடியுமா?

அடுத்த ஞாயிறு மறுபடி எடுத்தோம். இந்த முறை ஒரு மாற்றம் செய்தோம். இரண்டாம் தெருச் சங்கத் தலைவர் ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர். "தம்பி, நீங்க மூணாம் தெருப் பையன். நீங்களே பார்த்து நீங்களே எழுதினா எங்க ஆளுங்க எப்படி நம்புவாங்க?" என்று கேட்டார். நியாயம்தானே? அதனால் ஒவ்வொரு ரீடிங்கையும் சத்தமாகச் சொன்னோம். நாலு சங்கத்திலிருந்தும் ஒவ்வொருவர் தனி நோட்டில் எழுதினார்கள். சந்தேகம் வந்தவர்கள் கருவியில் கண் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். போஸ்ட் மாஸ்டர் ஐயா தானே ஸ்டாஃபைப் பிடித்தார், கொஞ்சம் கூடச் சாய்க்கவில்லை.

இந்தத் தடவை பிழை 8 மி.மீ. முதல் தடவை எங்கள் தெருவுக்கு முன்னால் ஒரு மாறு புள்ளியில் 1.265-ஐ 1.365 என்று படித்திருந்தேன். அதை மறைத்துக் கடைசி ரீடிங்கை மட்டும் மாற்றியிருந்தால், எங்கள் தெருவும் சிறுபாலமும் நிஜத்தைவிடப் பத்து சென்டிமீட்டர் தாழ்வாகக் கணக்கில் நின்றிருக்கும். அந்தக் கணக்கில் கட்டும் வடிகாலில் தண்ணீர் ஓடாது, தேங்கும்.

லெவல் சொன்னது இதுதான்:

முதல் தெரு 100.210. இரண்டாம் தெருவின் தாழ்ந்த இடம் 99.640. மூன்றாம் தெரு, அதாவது எங்கள் ரோடு, 99.985. நாலாம் தெரு 99.520. சிறுபாலத்தின் அடித்தளம் 98.950. வாய்க்கால் படுகை 98.400.

சரிவில் கீழே இருக்க வேண்டிய எங்கள் தெரு, மேலே இருக்க வேண்டிய இரண்டாம் தெருவை விட 345 மி.மீ. உயரம்! நாங்கள் ரோடு போடவில்லை, அணை கட்டியிருக்கிறோம். நாலு தெருவும் சேர்ந்து மூன்று ஹெக்டேர் வரும். ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. மழை பெய்தால் அங்கே விழுவது 15 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி என்றால் 125 லாரி. அதில் பாதியை மண் குடித்தாலும் மீதி எங்கே போகும்?

இரண்டாவது குற்றவாளி சிறுபாலம். அதற்கு மேலே திறப்பு விழாக் கல்வெட்டு பளபளவென்று இருக்கிறது, கீழே கல்வெர்ட்டில் மண்தான் இருக்கிறது. 160 மீட்டர் சந்துக்கு 400-க்கு 1 சரிவு கொடுத்தால் 40 செ.மீ. இறக்கம் வேண்டும். இரண்டாம் தெருவில் வடிகாலின் அடி 99.100-ல் தொடங்கினால் வாய்க்காலில் 98.700-ல் முடியும். ஆகவே சிறுபாலத்தின் அடித்தளத்தை 25 செ.மீ. தாழ்த்தியாக வேண்டும். அதைச் செய்யாமல் வெறும் வடிகால் கட்டினால் பணம் வீண்.

அப்பாவிடம் காட்டியது

கூட்டத்துக்கு முன்னால் இரவு ஃபீல்டு புக்கை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டு இரண்டு முறை பார்த்தார்.

"இதை அப்படியே அங்க வைக்கப் போறியா?"

"ஆமாப்பா. நாலு நோட்லயும் இருக்கு."

"நான் வாங்கின ரோடுடா அது. நாலு வருஷம் அலைஞ்சிருக்கேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? அவர் கெட்ட எண்ணத்தில் ரோடு வாங்கவில்லை. தன் தெருவுக்கு நல்லது செய்தார். ஒரு தெருவுக்கு மட்டும் நல்லது செய்தால் அடுத்த தெருவுக்கு என்ன ஆகும் என்று யாரும் அளந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். அம்மாதான் உள்ளேயிருந்து, "அந்த மழையில ரெண்டாம் தெருக்காரங்க நம்ம வீட்டுலதான் குடிதண்ணி பிடிச்சாங்க. அந்தப் புள்ளைங்க முகத்தைப் பார்த்தேன். காட்டிடுங்க"ன்னு சொன்னாங்க.

எந்தச் சங்கத்திலும் இல்லாதவர்கள்

கூட்டம் கோவில் மண்டபத்தில் நடந்தது. நாலு சங்கமும் வந்தன. ஒரு மணி நேரம் சத்தம். பிறகு நாலு நோட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், நாலிலும் ஒரே எண். அதற்கப்புறம் 'உன் தெரு, என் தெரு' பேச்சு மெல்லக் குறைந்தது.

அப்போதுதான் ஒரு அக்கா எழுந்து, "வாய்க்கால் ஓரம் பதினோரு வீடு இருக்கோமே, எங்களை யாரும் கேக்கலையே?" என்றார். அவர்கள் எந்தச் சங்கத்திலும் இல்லை. அங்கே தெருவும் இல்லை, சந்தா கட்டவும் வசதியில்லை. அவர் சொன்ன விஷயம் எங்கள் ஃபீல்டு புக்கில் இல்லாதது: ஏரி நிரம்பிக் கலங்கல் வழியும்போது வாய்க்கால் தண்ணீரே சிறுபாலம் வழியாகத் திரும்பி மேலே ஏறும். பாலத்தைத் தாழ்த்தினால் இன்னும் சுலபமாக ஏறும், முதலில் முழுகுவது அந்தப் பதினோரு வீடு!

எங்களுக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது. மட்டம் எடுத்தோம், ஆனால் வெயில் காயும் ஞாயிற்றுக்கிழமையில் எடுத்தோம். வெள்ளத்தை அவர்கள்தான் ராத்திரி விழித்திருந்து பார்த்தவர்கள். அவர்கள் காட்டிய சுவர்க்கறையை அளந்து, சிறுபால வாயில் உள்ளே வரும் தண்ணீரைத் தடுக்கும் ஒருவழிக் கதவும், அந்த வீடுகள் ஓரமாக ஒரு தடுப்புச் சுவரும் திட்டத்தில் சேர்த்தோம். சங்கங்கள் சேர்ந்தால் போதாது, சங்கமே இல்லாதவர்களும் சேர வேண்டும் என்பது அன்று கற்ற பாடம். வாடகைக்குக் குடியிருப்பவர்களும் அப்படித்தான். தண்ணீர் பட்டாவைப் பார்த்தா வீட்டுக்குள் வருகிறது?

யாருக்கு முதலில்?

எல்லாம் ஒரே வருஷத்தில் ஆகாது, பணம் கட்டம் கட்டமாகத்தான் வரும் என்று கவுன்சிலர் சொன்னார். உடனே 'முதலில் எங்களுக்கு' என்று மறுபடி சத்தம். இந்தக் கேள்விக்கு உலகத்தில் ஒரு ஊர் நல்ல வழி காட்டியிருக்கிறது. பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரே. அங்கே தெருவாரியாக இருந்த குடியிருப்போர் சங்கங்கள் 1983-ல் ஒரே கூட்டமைப்பாகச் சேர்ந்தன. நகராட்சி பட்ஜெட்டைத் தீர்மானிப்பதில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று 1986-ல் கேட்டன. 1989-ல் புது நகர நிர்வாகம் அதை ஏற்று, ஊரை 16 வட்டாரமாகப் பிரித்து, பட்ஜெட் வேலைகளை மக்கள் கூட்டங்களில் வரிசைப்படுத்த ஆரம்பித்தது. சத்தம் போட்டவர்களுக்கு முதலிடம் என்று வைக்கவில்லை. எத்தனை பேர், எவ்வளவு வசதிக் குறைவு, அந்த வட்டார மக்களே எதற்கு முன்னுரிமை கொடுத்தார்கள் என்ற மூன்றுக்கும் மதிப்பெண் போட்டார்கள். 1989-ல் பாதிக்கும் குறைவான வீடுகளுக்கே இருந்த கழிவுநீர் இணைப்பு 1996-க்குள் நூற்றுக்கு 85 வீடுகளுக்குப் போனது.

எங்கள் மண்டபத்திலும் கரும்பலகையில் மதிப்பெண் போட்டோம். தண்ணீர் நின்ற நாள், நின்ற உயரம், பாதித்த வீடு. பதினோரு வீட்டு வரிசையும் சிறுபாலமும் முதலில், பிறகு கீழிருந்து மேலாக வடிகால். எங்கள் தெருவுக்குக் கிடைத்த மதிப்பெண்தான் எல்லாவற்றிலும் குறைவு. ஒரே மனு எழுதப்பட்டது. முதல் கையெழுத்து போஸ்ட் மாஸ்டர் ஐயா. இரண்டாவது கையெழுத்து என் அப்பா. பேனாவை மூடிவிட்டு, "சாய்தளத்தை நாளைக்கே உடைக்கச் சொல்லு, வண்டியைச் சந்துல நிறுத்திக்கலாம்" என்று என்னிடம் சொன்னார்.

என்ன நடந்தது?

சினிமா மாதிரி எல்லாம் சுபம் என்று எழுத ஆசைதான். 2024 மழைக்கு முன்னால் சிறுபாலமும் கதவும் தடுப்புச் சுவரும், எங்கள் தெரு தாண்டும் வரை 90 மீட்டர் வடிகாலும் முடிந்தன. மீதி 70 மீட்டர் அடுத்த கட்டத்துக்குத் தள்ளிப்போனது. இரண்டாம் தெருக்காரர்கள் மண்ணை வெட்டித் தற்காலிகக் கால்வாய் போட்டுக்கொண்டார்கள். அந்த மழையில் மூன்று நாள் நின்ற தண்ணீர் ஒரு ராத்திரியில் வடிந்தது. எங்கள் தெருவில் படி உடைபட்ட இரண்டு வீட்டார் அதற்கப்புறம் அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். வாய்க்காலில் குப்பை கொட்டுவதும் நிற்கவில்லை. அதற்கு அடுத்த கூட்டம் போட வேண்டும்.

நண்பர்களே, டிப்ளமோ என்றால் பி.இ.க்கு ஒரு படி கீழே என்று நாமே நம்மைக் குறைத்துச் சொல்லிக்கொள்கிறோம். நம் ஊர்ச் சங்கங்களில் ஆளுக்கு ஆள் கருத்து இருக்கிறது, கோபம் இருக்கிறது, லெட்டர் பேடும் இருக்கிறது. அளக்கத் தெரிந்தவர்கள்தான் இல்லை. சிவில் படிப்பவர்கள் மட்டம் எடுக்கலாம், வரைபடம் போடலாம். எலெக்ட்ரிகல் நண்பர்கள் எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்று கணக்கெடுத்துத் தரலாம். மெக்கானிக்கல் நண்பர்கள் ஏரியா தண்ணீர்ப் பம்ப் ஏன் அடிக்கடி பழுதாகிறது என்று பார்க்கலாம். கம்ப்யூட்டர் நண்பர்கள் நாலு சங்கத்தின் விவரத்தையும் ஒரே அட்டவணையில் சேர்க்கலாம். பாலிடெக்னிக் விட்டுப் போகும்முன் நாம் ஒவ்வொருவரும் நம் தெருவுக்கும் பக்கத்துத் தெருவுக்கும் சேர்த்து ஒரு அளவாவது எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். எடுக்கும்போது அவர்களையும் பக்கத்தில் நிற்க வையுங்கள், ரீடிங்கைச் சத்தமாகச் சொல்லுங்கள். டேலி ஆகாவிட்டால், அடுத்த ஞாயிறு மறுபடியும் போங்கள்.